பைன் க்ரீக் கேன்யனில் கயிறு கட்டி இறங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் ஜயான் தேசியப் பூங்காவுக்குப் போகிற நம் ஆட்கள் பெருகப் பெருக எனக்கு வரும் வாட்ஸ்அப் கேள்விகளும் பெருகிக்கொண்டே போகின்றன. முக்கால்வாசி பைன் க்ரீக் பற்றித்தான். யாரோ இன்ஸ்டாகிராமில் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு, "ரோட்டோரம்தானே, இந்த சனிக்கிழமை போய்ட்டு வந்துடலாமா?" என்று ஆரம்பிப்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்து விரல் வலித்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைத் தெரிந்ததாக வைத்துக்கொண்டுதான் பேசும்.

பைன் க்ரீக்னா என்ன? எங்க இருக்கு?

யூட்டா மாநிலத்தின் தென்மேற்கு மூலையில், ஜயான் பூங்காவின் கிழக்குப் பகுதியில் இருக்கும் ஓடை. லாஸ் வேகாஸிலிருந்து காரில் இரண்டரை, மூன்று மணி நேரம். பூங்காவுக்குள் 1930-ல் திறக்கப்பட்ட ஒரு மலைச் சுரங்கப்பாதை இருக்கிறது, 1.1 மைல் நீளம். அதன் கிழக்கு வாயிலருகே, சாலைப் பாலத்துக்கு அடியில் இந்த ஓடை மணற்பாறையை அறுத்துக்கொண்டு உள்ளே இறங்குகிறது. அப்புறம் சாலையைவிட மிக ஆழத்தில் ஓர் இருண்ட இடுக்காக (கேன்யன் என்பது இதுதான்) ஓடி, சுரங்கத்துக்கு மேற்கே சாலை கொண்டை ஊசி வளைவுகளாக இறங்கும் இடத்துக்குப் பக்கத்தில் வெளியே வருகிறது.

ஜுராசிக் காலத்து மணல்மேடுகள் இறுகிப் பாறையானதுதான் இங்கே நீங்கள் தொடப்போகும் சுவர். அழகாக வளைந்து நெளிந்திருக்கும். ஆனால் மென்மையான பாறை. ஈரக் கயிற்றில் ஒட்டிய மணலே அதை அரம் போல அறுத்துவிடும். பின்னால் கயிறு சிக்குவது பற்றிய கேள்வியில் இது முக்கியமாக வரும்.

ரோட்டை ஒட்டித்தானே இருக்கு? கஷ்டமா இருந்தா பாதியில ஏறி வந்துடலாம்ல?

முடியாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். முதல் இறக்கத்தில் இறங்கி, மேலே மாட்டியிருந்த கயிற்றை உருவிக் கீழே எடுத்துவிட்டீர்கள் என்றால் வந்த வழி மூடிவிட்டது என்று பொருள். இரண்டு பக்கமும் செங்குத்துச் சுவர். வெளியேற ஒரே வழி, மிச்சமிருக்கும் எல்லா இறக்கங்களையும் இறங்கி முடிப்பதுதான்.

கார் நிறுத்திய இடத்திலிருந்து சில நிமிட நடையில் அந்த முதல் இறக்கம் வந்துவிடும். நீண்ட மலையேற்றம் இருந்திருந்தால் பாதி வழியிலேயே "இன்று உடம்பு சரியில்லை, திரும்பிவிடலாம்" என்று தோன்றும். இங்கே அந்த யோசனைக்கான அவகாசமே கிடையாது. அதனால் யோசிப்பதை எல்லாம் பாலத்துக்கு மேலேயே முடித்துக்கொள்ள வேண்டும்.

மொத்தம் எத்தனை தடவை கயிறு கட்டி இறங்கணும்? எவ்வளவு உயரம்?

ஐந்து அல்லது ஆறு. மணலும் நீர்மட்டமும் மாறுவதைப் பொறுத்து, சின்ன இறக்கங்களில் ஒன்றைச் சிலர் கையாலேயே பிடித்து இறங்கிவிடுவார்கள். அதனால்தான் எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறுகிறது. பெரும்பாலானவை சிறியவை. 50, 60 அடி இறக்கம் ஒன்று உண்டு. அது கூரை போட்ட மண்டபம் போன்ற இடத்தில் போய் இறங்கும். இறங்குகிறவர்கள் அதை 'கதீட்ரல்' என்பார்கள். வெளிச்சம் மேலிருந்து சாய்வாக விழும்போது அங்கே யாரும் சத்தமாகப் பேசுவதில்லை.

கடைசி இறக்கம் சுமார் 100 அடி. அதற்குத் தனிக் கேள்வியே இருக்கிறது, கீழே பாருங்கள்.

காலையில இறங்கினா மதியச் சாப்பாட்டுக்கு வந்துடலாமா?

பழகிய நான்கு பேர் என்றால் மூன்று, நான்கு மணி நேரம். புதியவர்கள் இருந்தால் ஆறு மணி நேரம் என்று கணக்கு வையுங்கள். மொத்தத் தூரம் ஒன்றரை மைலைத் தாண்டாது. நேரத்தைத் தின்பது நடை இல்லை, காத்திருப்பு. ஒவ்வொருவராக இறங்க வேண்டும், கயிற்றை உருவ வேண்டும், சுருட்டிப் பையில் போட வேண்டும், அடுத்த இடத்தில் மறுபடி முதலிலிருந்து. ஆறு பேர் கொண்ட குழுவில் ஓர் ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றாலும் ஓர் இறக்கத்துக்கே அரை மணி.

கடைசி இறக்கத்துக்குப் பிறகு வேலை முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். பெரிய பெரிய பாறைகளுக்கு இடையில் ஏறி இறங்கிச் சாலைக்கு வர வேண்டும். களைத்த கால்கள் பிசகுவது பெரும்பாலும் இங்கேதான்.

கைடு யாராவது கூட்டிட்டுப் போவாங்களா? காசு எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை.

பூங்காவுக்குள் காசு வாங்கிக்கொண்டு கேன்யன் இறக்கிக் கூட்டிப்போக யாருக்கும் அனுமதி இல்லை. தெற்கு வாசலில் உள்ள ஸ்பிரிங்டேல் ஊரில் வழிகாட்டி நிறுவனங்கள் இருக்கின்றன. அவர்கள் உங்களைப் பூங்காவுக்கு வெளியே உள்ள கேன்யன்களுக்குத்தான் அழைத்துப் போவார்கள்.

அது ஒரு குறையே இல்லை. முதல் தடவை என்றால் அப்படிப் போவதுதான் சரி. ஒரு நாள் பயிற்சியில் கருவியை (கயிற்றில் உராய்ந்து இறங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்துவது) மாட்டுவது, கயிற்றைப் பூட்டுவது, உருவுவது எல்லாம் கைக்கு வந்துவிடும். அதற்கப்புறம் நன்றாகத் தெரிந்த ஒருவரோடு பைன் க்ரீக் போகலாம். குழுவில் குறைந்தது இரண்டு பேருக்காவது எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. தெரிந்த ஒரே ஆளுக்குக் கால் மடங்கிவிட்டால் மிச்சப் பேரை யார் இறக்குவது?

யூடியூப்ல எல்லாம் இருக்கே ப்ரோ, பாத்துக் கத்துக்க முடியாதா?

முடிச்சுப் போடக் கற்றுக்கொள்ளலாம். நனைந்த கையுறை, நடுங்கும் விரல், பின்னால் நின்று "ஆச்சா, ஆச்சா" என்று கேட்கும் மச்சான், இதற்கெல்லாம் நடுவில் அதே முடிச்சைப் போட வீடியோ கற்றுத்தராது.

பெர்மிட் வேணுமா? எப்படி வாங்கறது?

கட்டாயம் வேண்டும். கயிறு தேவைப்படும் எல்லாக் கேன்யனுக்கும் ஜயானில் பெர்மிட் உண்டு. பைன் க்ரீக்குக்கு ஒரு நாளைக்கு 50 பேர்தான். ரிக்ரியேஷன்.கவ் என்ற அமெரிக்க அரசின் முன்பதிவுத் தளத்தில்தான் வாங்க வேண்டும். விதிகளை அவ்வப்போது மாற்றுகிறார்கள் என்பதால் போன வருடம் போன நண்பர் சொன்னதை நம்பாமல் தளத்திலேயே பாருங்கள். வசந்தகால, இலையுதிர்கால வாரயிறுதிகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். செவ்வாய், புதன் என்றால் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

ஒன்றை மனதில் வையுங்கள். பெர்மிட் கொடுத்தார்கள் என்றால் இன்று பாதுகாப்பு என்று அவர்கள் சான்றிதழ் கொடுத்ததாக அர்த்தம் இல்லை. போகலாமா வேண்டாமா என்பது உங்கள் தலையில்தான்.

எனக்கு நீச்சல் தெரியாது. இடுப்பளவு தண்ணிதானே?

சில நாட்களில் இடுப்பளவு, சில நாட்களில் கழுத்தளவு, சில நாட்களில் கால் எட்டாது. ஒரு வெள்ளம் வந்து மணலை அள்ளிக்கொண்டு போனால் போன வாரம் முழங்காலளவு இருந்த மடு இந்த வாரம் ஆள் ஆழமாகிவிடும். அதனால் யாராவது "நான் போனப்ப தண்ணியே இல்லை" என்று சொன்னால் அது அவர் போன நாளைப் பற்றிய செய்தி மட்டுமே.

மடுக்கள் நீளமானவை அல்ல, ஓட்டமும் சாதாரணமாக இருக்காது. வெட்சூட் (உடம்புச் சூட்டைக் காக்கும் தடித்த ரப்பர் உடை) போட்டிருந்தால் அதுவே ஓரளவு மிதக்க வைக்கும். இருந்தாலும் நீச்சல் தெரியாதவர்கள் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் வரக் கூடாது. கயிற்றின் நுனியிலிருந்து நேராக ஆழத் தண்ணீரில் இறங்கி, அங்கேயே கருவியைக் கழற்ற வேண்டிய நிலை வரலாம். முகம் தண்ணீரில் பட்டாலே பதறுகிறவர் என்றால் முதலில் ஒரு நீச்சல் குளத்தில் போய்ப் பழகுங்கள்.

வெளிய 40 டிகிரி கொளுத்துது. வெட்சூட் எதுக்கு? தண்ணி ஜில்லுனு இருந்தா நல்லதுதானே?

அதிகம் பேர் ஏமாறுவது இந்த விஷயத்தில்தான். குற்றாலத்துச் சாரல் மாதிரி ஒரு குளிர்ச்சியை நினைத்துக்கொண்டு அரைக்கால் சட்டையோடு இறங்குவார்கள். இடுக்கின் அடியில் வெயில் படுவதே அபூர்வம். மேலே பாறை தணலாக இருக்கும்போதும் கீழே தண்ணீர் விறைக்கும். தண்ணீர் உடம்புச் சூட்டை, அதே குளிர்ச்சியில் உள்ள காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக இழுத்துவிடும்.

முதல் மடுவில் யாருக்கும் ஒன்றும் ஆகாது, சிரித்துக்கொண்டே படம் எடுப்பார்கள். மூன்றாவது மடுவைத் தாண்டி, நனைந்த உடம்போடு நிழலில் முக்கால் மணி நேரம் உங்கள் முறைக்குக் காத்திருக்கும்போது தெரியும். முதலில் பேச்சு குறையும். அப்புறம் விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்காது, காரபினரின் (கயிற்றையும் கருவியையும் உங்களோடு இணைக்கும் கொக்கி) பூட்டுத் திருகைத் திருக முடியாமல் நழுவும். உயிரே அந்தத் திருகில் இருக்கும்போது இது விளையாட்டு இல்லை. உயரத்தைப் பார்த்துப் பயந்து என்னிடம் கேள்வி கேட்கிறவர்கள் நூறு பேர் என்றால் குளிரைப் பற்றிக் கேட்கிறவர் ஒருவரோ இருவரோதான். எனக்கு அந்த விகிதம் தலைகீழாக இருக்க வேண்டும் என்று தோன்றும்.

ஸ்பிரிங்டேல் கடைகளில் வெட்சூட் வாடகைக்குக் கிடைக்கும். இன்று எந்தக் கேன்யனில் தண்ணீர் எவ்வளவு என்ற நிலவரமும் அங்கேயே சொல்வார்கள். வேண்டாம் என்று அவர்களே சொன்னால் ஒழிய வெட்சூட் எடுத்துக்கொள்ளுங்கள்.

டிரெஸ், ஷூ எல்லாம் எப்படி? சாதா ஸ்போர்ட்ஸ் ஷூ போதுமா?

ஈரப் பாறையில் பிடிக்கும் அடிப்பகுதி உள்ள, கணுக்காலைத் தாங்கும் ஷூ வேண்டும். உள்ளே வெட்சூட் துணியான நியோப்ரீனில் செய்த சாக்ஸ். இரண்டும் வாடகைக்குக் கிடைக்கும். செருப்பு, குரோக்ஸ் வேண்டவே வேண்டாம். ஜீன்ஸ் நனைந்தால் கல்லாகக் கனக்கும். ஹெல்மெட் கட்டாயம். மேலிருந்து கல் விழும் என்பதற்கு மட்டும் இல்லை, இடுக்கில் வழுக்கினால் இரண்டு பக்கமும் உங்கள் தலைக்காகப் பாறை காத்திருக்கிறது.

தாலிச் செயின், மோதிரம் எல்லாம் கழட்டணுமா? ஜடை பின்னிக்கிட்டா போதுமா?

மோதிரத்தைக் கழற்றியே ஆக வேண்டும். பாறை இடுக்கிலோ கயிற்றிலோ மோதிரம் மாட்டி, உடம்பின் எடை அதில் இறங்கினால் விரலின் சதை உரிந்து வந்துவிடும். கழற்ற முடியாதபடி இறுகிப் போயிருந்தால் மேலே டேப் சுற்றிக் கையுறை போடுங்கள். தாலிக்கொடியைக் கழற்ற மனசு வராது என்கிறவர்கள் வெட்சூட்டுக்குள்ளே, கழுத்துக்குக் கீழே முழுதாக அடங்கும்படி வைத்து ஜிப்பை மேலே வரை இழுத்துவிடுங்கள். வெளியே தொங்கக் கூடாது, அவ்வளவுதான்.

முடி விஷயம் இன்னும் முக்கியம். இறங்கும் கருவி சரியாக மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கிறது. குனிந்து பார்க்கும்போது ஜடையின் நுனி கயிற்றோடு சேர்ந்து கருவிக்குள் போய்விடும். போனால் தானாக வராது. எடை முழுவதும் கயிற்றில் இருப்பதால் தலை கருவியோடு ஒட்டி அப்படியே தொங்க வேண்டியதுதான். பின்னலைக் கொண்டையாகச் சுற்றி ஹெல்மெட்டுக்குள்ளேயோ வெட்சூட்டின் முதுகுக்குள்ளேயோ திணித்துவிடுங்கள். நீளத் தாடி வைத்திருக்கும் தம்பிகளுக்கும் இதேதான்.

எவ்வளவு நீளக் கயிறு வேணும்?

மொத்தம் 200 அடி. கடைசி இறக்கம் 100 அடி என்பதால், இறங்க ஒரு 100, அதை உருவி எடுக்க இன்னொரு 100. இறங்கும் கயிறு, இழுத்தால் நீளாத ஸ்டாட்டிக் கயிறாக இருக்க வேண்டும். உருவ மெல்லிய கயிறு போதும் என்றாலும், நான் சொல்வது என்னவென்றால் இரண்டுமே ஆள் இறங்கக்கூடிய கயிறாக இருக்கட்டும். ஒன்று சிக்கினாலும் அறுந்தாலும் இன்னொன்று இருக்கும். ஒரே கயிற்றோடு போவது ஸ்டெப்னி இல்லாமல் பாலைவனச் சாலையில் போகிற வேலை.

பாறையில அடிச்சிருக்கிற போல்ட்டை நம்பலாமா? யார் அடிச்சது, எப்போ அடிச்சதுன்னே தெரியாதே?

நம்புவதற்கு முன் பாருங்கள். பொதுவாக இரண்டு போல்ட், அவற்றை இணைக்கும் நாடா, நாடாவில் ஓர் இரும்பு வளையம் இருக்கும். போல்ட் ஆடுகிறதா என்று கையால் அசைத்துப் பாருங்கள். நாடாவை முழுக்கச் சுற்றிப் பார்க்க வேண்டும், முக்கியமாகப் பாறையோடு உரசும் பின்பக்கத்தையும் முடிச்சையும். வெயிலில் நிறம் வெளுத்து, தொட்டால் மொடமொட என்று இருந்தால் அதை வெட்டி எடுத்துவிட்டு உங்கள் நாடாவைக் கட்டுங்கள். அதற்காகவே 20, 30 அடி நாடாவும் ஒரு சின்னக் கத்தியும் எப்போதும் பையில் இருக்க வேண்டும். வெட்டிய பழையதை அங்கேயே போடாமல் வெளியே எடுத்து வாருங்கள்.

இறங்கிட்டிருக்கும்போது கை விட்டுட்டா என்ன ஆகும்?

கீழே இருக்கும் கை, அதாவது பிரேக் கை, கயிற்றை விட்டால் சர்ரென்று போய்விடுவீர்கள். அதற்குத்தான் கீழே ஏற்கெனவே இறங்கியவர் கயிற்றின் நுனியைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு மேலேயே பார்த்துக்கொண்டிருப்பார். நீங்கள் கை விட்டால் அவர் இழுப்பார், கருவியில் உராய்வு கூடி நின்றுவிடுவீர்கள். அந்த வேலையில் இருப்பவர் படம் எடுக்கக் கூடாது, பேசக் கூடாது.

முதலில் இறங்குகிறவருக்குக் கீழே யாரும் இருக்க மாட்டார்கள். அவர் கருவிக்குக் கீழே தானாக இறுகும் முடிச்சுக் கயிறு ஒன்றைச் சுற்றிக்கொண்டு இறங்கலாம். அருவி கொட்டும் இடங்களில் அது ஆபத்து, தண்ணீருக்கு அடியில் இறுகிக்கொண்டால் மூச்சு முட்டிவிடும். பைன் க்ரீக்கில் கோடையில் மடுக்கள் தேங்கித்தான் நிற்கும். ஆனால் பனி உருகும் காலத்தில் ஓட்டம் இருக்கும், அப்போது இந்தக் கணக்கே மாறிவிடும்.

தண்ணியில போய் இறங்கினதும் கருவியை எப்படிக் கழட்டறது?

கழற்றவே தேவையில்லாதபடி கயிற்றின் நீளத்தை மேலேயே சரிசெய்வதுதான் கெட்டிக்காரத்தனம். கயிற்றின் நுனி தண்ணீரைத் தொடும் அளவோடு நிறுத்திப் பூட்டினால், நீங்கள் தண்ணீரில் இறங்கிப் பின்னால் சாய்ந்து மிதக்கும்போதே நுனி கருவியிலிருந்து தானாக வழுக்கி வெளியே வந்துவிடும். அதனால் மடுவில் முடியும் இறக்கங்களில் நுனியில் முடிச்சுப் போடுவதில்லை. எவ்வளவு நீளம் என்று முதலில் இறங்குகிறவர் மேலே இருப்பவருக்குச் சைகை காட்டுவார். இடுக்கில் சத்தம் எதிரொலித்துக் குழம்பும் என்பதால் விசில், கைச்சைகை இரண்டையும் கார் பக்கத்திலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

சின்ன இறக்கத்துக்கு எதுக்குக் கயிறு? தண்ணியில குதிச்சுட்டா போச்சு.

நீச்சல் கேள்வியில் சொன்ன மணல் கதையை நினைத்துப் பாருங்கள். கலங்கிய தண்ணீர், அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. வெள்ளம் கொண்டுவந்த மரக்கட்டை முழுகிக் கிடக்கலாம். கணுக்கால் உடைந்தவரைத் தூக்கிக்கொண்டு மிச்ச இறக்கங்களை எல்லாம் இறக்க வேண்டும், இல்லையென்றால் மீட்புக் குழு வரும்வரை ஈரத்தோடு அங்கேயே உட்கார வேண்டும். உள்ளே போன் சிக்னல் கிடையாது என்பதால், ஒருவர் வெளியே போய்ச் சொன்னால்தான் அவர்களுக்கே தெரியும். உட்கார்ந்து வழுக்கி இறங்குங்கள், அல்லது கயிறு போடுங்கள்.

எந்த மாசம் போறது நல்லது?

மே கடைசி முதல் ஜூன் முடிய, அப்புறம் செப்டம்பர் பிற்பகுதி முதல் அக்டோபர் வரை. வசந்தத்தில் பனி உருகி ஓட்டம் இருக்கும். குளிர்காலம் தேர்ந்தவர்களுக்கு மட்டும். ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் வரை இங்கே ஒரு மழைக்காலம் உண்டு. நம் ஊர்ப் பருவமழை போல நாள் கணக்கில் பெய்யாது, மதியத்துக்கு மேல் ஓரிடத்தில் மட்டும் கொட்டிவிட்டுப் போகும். அந்த மாதங்களில் போகவே கூடாது என்றில்லை, ஆனால் அடுத்த கேள்வியைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

வானம் நீலமா இருந்தா கிளம்பிடலாம்ல?

உங்கள் தலைக்கு மேல் உள்ள வானம் ஒரு பொருட்டே இல்லை. ஓடைக்குத் தண்ணீர் கொண்டுவரும் மேட்டுநிலம் எங்கே இருக்கிறதோ, அங்கே என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி. கிழக்குப் பக்கம் முழுவதும் மொட்டைப் பாறை. மண் இருந்தால் மழையை உறிஞ்சும், இந்தப் பாறை ஒரு சொட்டையும் வைத்துக்கொள்ளாது. பரந்த சரிவில் விழுந்தது அத்தனையும் சில அடி அகல இடுக்குக்குள் வந்து சேரும். உள்ளே இருப்பவருக்குத் தெரிவது ஒரு கீற்று வானம் மட்டும்.

2015 செப்டம்பர் 14 அன்று, இதே கிழக்குப் பக்கத்தில் இருக்கும் கீஹோல் என்ற இன்னொரு சிறிய கேன்யனில் ஏழு பேர் கொண்ட ஒரு குழு வெள்ளத்தில் மாட்டி, ஏழு பேருமே இறந்துபோனார்கள். கீஹோல் பைன் க்ரீக்கைவிடச் சின்னது, அதுவும் சாலையோரம்தான். முறைப்படி பெர்மிட் வாங்கித்தான் போயிருந்தார்கள். வெள்ள அபாயம் பற்றிய எச்சரிக்கை அன்று இருக்கத்தான் செய்தது.

அமெரிக்க வானிலைத் துறை இந்தப் பகுதிக்குத் தினமும் திடீர் வெள்ள வாய்ப்பை நான்கு படிகளாக வெளியிடுகிறது: எதிர்பார்ப்பில்லை, வரலாம், வர வாய்ப்பு அதிகம், வரும் என எதிர்பார்க்கலாம். போகிற அன்று காலையில் பாருங்கள். முதல் படி தவிர வேறு எதுவாக இருந்தாலும் நான் இறங்குவதில்லை. பெர்மிட் காசு, ஓட்டல் காசு, லீவு எல்லாம் வீணாகும்தான். வீணாகட்டும்.

உள்ள இருக்கும்போது வெள்ளம் வந்துட்டா என்ன பண்றது?

தண்ணீர் திடீரென்று கலங்குவது, குச்சியும் சருகும் மிதந்து வருவது, உறுமல் போன்ற சத்தம், இவற்றில் எது தெரிந்தாலும் கயிறு, பை எல்லாவற்றையும் விட்டுவிட்டு எட்டக்கூடிய மிக உயரமான இடத்துக்கு ஏறுங்கள். தண்ணீரை முந்திக்கொண்டு ஓடி வெளியேற நினைக்காதீர்கள். ஏற இடமே இல்லாத நீளமான பகுதிகள் பைன் க்ரீக்கில் உண்டு. இந்தக் கேள்விக்கு உண்மையான பதில் போன கேள்வியில்தான் இருக்கிறது.

அந்தத் தண்ணியைக் குடிக்கலாமா? அவசரத்துக்கு ஒதுங்க இடம் உண்டா?

குடிக்க வேண்டாம். தேங்கிய மடுவில் செத்த அணில் மிதப்பதும் உண்டு. தவிர 2020-ல் இதே பூங்காவின் வர்ஜின் ஆற்றில் நச்சுப் பாசி கண்டுபிடிக்கப்பட்டு எச்சரிக்கை விட்டார்கள். ஆளுக்கு இரண்டு லிட்டராவது கையில் வேண்டும், குளிரில் தாகம் தெரியாது என்பதற்காகக் குடிக்காமல் இருந்துவிடாதீர்கள். ஒதுங்க இடம் இல்லை, காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். முடியாமல் போனால் அதற்கென்று விற்கும் பையில் போட்டு வெளியே எடுத்து வர வேண்டும்.

ஒரே கார்தான் இருக்கு. முடிச்சுட்டு மேல காருக்கு எப்படிப் போறது?

சுரங்கத்துக்குள் நடக்கவோ சைக்கிளில் போகவோ தடை. இரண்டு கார் இருந்தால் ஒன்றைக் கீழே கொண்டை ஊசி வளைவு ஓரத்தில் விட்டுவிட்டு இன்னொன்றில் மேலே போங்கள். ஒரே கார் என்றால் கூட வந்தவர்களில் இறங்காத ஒருவர் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் வந்து அழைத்துக்கொள்ளட்டும். சுரங்கத்தின் கிழக்கு வாயிலில் வண்டி நிறுத்தும் இடம் மிகச் சிறியது, காலை எட்டு மணிக்கே நிரம்பிவிடும்.

அப்புறம் கார் சாவி. இப்போதைய சாவிகள் எல்லாம் பட்டன் வைத்தவை, நனைந்தால் போச்சு. தண்ணீர் புகாத திருகுமூடி டப்பாவில் போடுங்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும். கீழே நிற்கும் காரின் சாவியை மேலே நிற்கும் காரில் வைத்துவிட்டு இறங்கும் குடும்பங்கள் ஒவ்வொரு பருவத்திலும் உண்டு.

தம்பி, பசங்க உள்ள இறங்கறப்ப நாங்க எங்கயாவது நின்னு பாக்கலாமா?

தாராளமாகப் பார்க்கலாம்மா. அதே வண்டி நிறுத்தத்துக்கு எதிரில் கேன்யன் ஓவர்லுக் என்ற நடைபாதை தொடங்குகிறது. போக வர ஒரு மைல்தான், ஏற்றமும் குறைவு. படிக்கட்டும் சில இடங்களில் ஓரமாகப் பள்ளமும் இருக்கும், நிதானமாகப் போங்கள். அந்தப் பாதை பைன் க்ரீக் இடுக்கின் விளிம்பை ஒட்டியே போகிறது. பிள்ளைகள் கண்ணில் படுவது சந்தேகம், இடுக்கு அவ்வளவு ஆழம். சில நேரம் பேச்சுச் சத்தம் மேலே வரும். ஒரே ஒரு வேண்டுகோள்: ஆழம் பார்க்கிறேன் என்று பேரப்பிள்ளைகள் கல் எறியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கீழே தலைகள் இருக்கின்றன.

விசிட்டர் இன்சூரன்ஸ் இதுக்கெல்லாம் கை கொடுக்குமா?

பல பாலிசிகளில் கயிறு கட்டி ஏறுவது, இறங்குவது எல்லாம் விலக்குப் பட்டியலில் இருக்கும். பொடி எழுத்தைப் படியுங்கள். பணம் கூடுதலாகக் கட்டிச் சேர்த்துக்கொள்ளும் வசதி சிலவற்றில் உண்டு.

உருவும்போது கயிறு மேலயே சிக்கிக்கிட்டா?

வராமல் பார்த்துக்கொள்வதுதான் பெரும்பகுதி வேலை. கடைசி ஆள் இறங்குவதற்கு முன், அவர் கயிற்றில் இல்லாதபோது, கீழே இருப்பவர் உருவும் கயிற்றை ஓரிரு அடி இழுத்துப் பார்க்க வேண்டும். வழுக்கி வந்தால் சரி. கடைசி ஆள் இறங்கும் முன் கயிறு பாறைப் பள்ளத்தில் விழாமல், இரண்டு கயிறும் ஒன்றையொன்று சுற்றாமல் வைத்துவிட்டு வர வேண்டும். முதல் பதிலில் சொன்ன மென்மையான பாறை ஞாபகம் இருக்கிறதா? ஆயிரக்கணக்கான உருவல்களில் விளிம்புகளில் விரல் புதையும் ஆழத்துக்கு வரிவரியாகப் பள்ளம் விழுந்திருக்கிறது. கயிறு அதற்குள் போய் உட்கார்ந்தால் இறுகிவிடும்.

சிக்கியே விட்டால் வேறு வேறு கோணத்தில் நின்று இழுத்துப் பாருங்கள், அலை போல உதறிப் பாருங்கள். ஒருபோதும் சிக்கிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறாதீர்கள். அது எதில் மாட்டியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது, பாதி வழியில் விடுபடலாம். வராது என்று தெரிந்தால், கைக்கு வந்தவரை வெட்டி எடுத்துக்கொண்டு இரண்டாவது கயிற்றோடு மிச்ச இறக்கங்களைத் தொடர வேண்டியதுதான். அந்த இரண்டாவது கயிற்றின் நீளம் மிச்ச இறக்கங்களுக்குப் போதுமா என்ற கணக்கு வீட்டிலேயே போட்டதாக இருக்கட்டும்.

முன்னால ஒரு பெரிய குழு நிக்குது. நகரவே மாட்டேங்கறாங்க. என்ன செய்யறது?

50 பேரும் காலை ஒன்பது மணிக்கே வந்தால் இப்படித்தான் ஆகும். அதிகாலையில் இறங்கிவிடுவது நல்லது. மாட்டிக்கொண்டால் தண்ணீரில் நின்று காத்திருக்காமல், முந்தைய மணல்திட்டிலேயே காய்ந்த இடமாகப் பார்த்து நில்லுங்கள். ஏதாவது சாப்பிடுங்கள். உங்கள் குழு சின்னது, வேகமானது என்றால் முன்னால் விடச் சொல்லிக் கேட்கலாம், பெரும்பாலும் விடுவார்கள். அவர்கள் போட்ட கயிற்றிலேயே இறங்கிக்கொள்கிறோம் என்று கேட்டால் இரு தரப்புக்கும் நேரம் மிச்சம், ஆனால் அவர்கள் பூட்டியதை உங்கள் கண்ணால் ஒரு முறை சோதித்துவிட்டு.

அந்தக் கடைசி 100 அடி ரொம்பப் பயங்கரமா?

விளிம்பைத் தாண்டியதும் சுவர் உள்ளே போய்விடும். காலை ஊன்ற ஒன்றுமே இல்லாமல் அந்தரத்தில் தொங்கியபடி மெதுவாகச் சுழன்று சுழன்று இறங்க வேண்டும். கீழே பாசி படர்ந்த ஊற்றுக் குடைவு ஒன்றில் போய் நிற்பீர்கள். இதை இறங்கத்தான் பலர் வருகிறார்கள்.

தொழில்நுட்பமாகப் பார்த்தால் இரண்டு விஷயம். ஒன்று, கயிறு பூட்டும் இடத்துக்குப் போகும் மேடை குறுகலானது. அங்கே நடமாடும்போதே பாதுகாப்புக் கயிற்றில் உங்களை மாட்டிக்கொள்ளுங்கள். இரண்டாவது, உராய்வு. 50 கிலோ ஆளுக்குச் சரியாக இருக்கும் அமைப்பு 95 கிலோ ஆளுக்கு வேகமாகப் போகும், கை சுடும். சின்ன இறக்கங்களிலேயே உங்கள் எடைக்கு எவ்வளவு உராய்வு தேவை என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது நடுவில் உராய்வைக் கூட்டும் வழி தெரியாமல் இந்த விளிம்பைத் தாண்டாதீர்கள்.

அங்க போய் ஒருத்தர் "நான் மாட்டேன்"னு உட்கார்ந்துட்டா? தூக்கியா போட முடியும்?

திட்டி, கிண்டல் செய்து, "எல்லாரும் இறங்கிட்டாங்க பாரு" என்று சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. இரண்டாவது கேள்வியின் பதில்படி திரும்பிப் போகவும் வழி இல்லை. அவரை மேலே இருந்து இறக்கிவிட வேண்டும். அதாவது, கயிற்றைப் பாறையோடு இறுகக் கட்டாமல், எடை தொங்கும்போதும் அவிழ்த்து மெல்ல மெல்ல விடக்கூடிய மாதிரிப் பூட்டுவது. எட்டு வடிவக் கருவியாலேயே இதைச் செய்யலாம். பயிற்சி வகுப்பில் கேட்டால் சொல்லித்தருவார்கள். குழுவில் புதியவர் இருந்தால் எல்லா இறக்கத்திலும் இப்படியே பூட்டுவது நல்லது. முடி மாட்டினாலும், நடுவழியில் உறைந்து நின்றாலும் இதே வழிதான் காப்பாற்றும்.

தயங்குகிறவரைக் கடைசியில் விடாதீர்கள், நடுவில் அனுப்புங்கள். கீழே கயிறு பிடிக்க ஓர் ஆள், மேலே மாட்டிவிட ஓர் ஆள் என்று இருக்க வேண்டும். "கையால் எதையும் செய்ய வேண்டாம், உட்கார்ந்தால் போதும், நாங்கள் இறக்குகிறோம்" என்று சொன்னால் பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொள்வார்கள். தரையைத் தொட்டதும் கயிற்றிலிருந்து கழற்றிவிட்டு, மேலிருந்து கல் விழாத ஓரமாக உட்கார வையுங்கள். கயிறு அடுத்தவருக்கு வேண்டும்.